கையைத் தூக்கினால்

ஜனவரி 5, திங்கள்

பயிற்சியைத் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று சைக்கிள் கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் போனில் ஏதோ ஆப் இருக்கிறதாம். எனக்கு அது தோதுப்படாது. பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கழகம் தூத்துக்குடியில் டிரையத்லான் நடத்துகிறது. கடலில் எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், கரையேறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இடையில் நிற்கக் கூடாது. பெரிய ஸ்பான்சர் என் பெயிண்ட் கடை. 22ஆம் தேதி வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவருக்கு நான் நிற்கிறேன், செயலாளருக்கு எபனேசர். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். இங்கே ஏன் பொய் எழுத வேண்டும்? நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போவதை எவனும் செய்வான். ஐம்பதைத் தொட்ட இரண்டு வியாபாரிகள் கடலில் இறங்கி ஏறினால் ஊர் பேசும்.

காலையில் நீச்சல் குளத்தில் இருபத்தாறு தடவை போய் வந்தேன். தோள் வலி. கடையில் வெள்ளை பிரைமர் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

எபனேசரின் அரிசி மண்டி என் கடைக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அக்டோபரில்தான் நீச்சல் கற்றுக்கொண்டான், அதுவும் ஓட்டல் குளத்தில். நான் போனபோது மூட்டையில் குத்தூசியை விட்டு அரிசி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"சைக்கிளுக்கு வாரேன், ஓட்டத்துக்கு வாரேன். கடலுக்கு வேற ஆளப் பாரும்வே."

"மூணும் சேந்தாத்தான் அது. கல்யாணத்துக்கு வாரேன், தாலி கட்ட மட்டும் வேற ஆளப் பாருங்கிற மாதிரி இருக்கு."

"ஆழம் இருக்கும்லா."

"ஆழம் உனக்கு எதுக்கு? மேலதான நீந்தப் போற? உப்புத் தண்ணி தானா தூக்கும். குளத்தவிட லேசு."

கையில் இருந்த அரிசியை வாயில் போட்டு மென்றான். "ஞாயித்துக்கெழம வேற. கோயிலுக்குப் போகாட்டா ரூபி என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவா."

"ஒரே ஒரு ஞாயிறு. ஆண்டவருக்கும் தேர்தல்னா என்னன்னு தெரியும்."

சிரித்துவிட்டான். சிரித்தால் சரி என்று அர்த்தம். இன்றைக்கே இரண்டு பேர் படத்தையும் பேனருக்குக் கொடுத்துவிட்டேன். யோசிக்க நேரம் கொடுத்தால் எபனேசர் யோசித்துக்கொண்டேதான் இருப்பான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நீச்சல் இல்லை.

ஜனவரி 17, சனி

முதல் தடவை கடலில் இறங்கினோம். பாதுகாப்புக்கு இன்னாசி அண்ணனின் வள்ளம். அவர் மீனவர், என்னைவிட மூத்தவர். வள்ளத்துக்கு வேண்டிய பெயிண்டை வருஷா வருஷம் என் கடையில்தான் எடுப்பார். போட்டியன்று இரண்டு ஃபைபர் வள்ளங்களைக் கடலில் நிறுத்தும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்திருக்கிறோம்.

எபனேசர் அறுபது மீட்டர் போயிருப்பான். திடீரென்று நின்ற இடத்திலேயே தண்ணீரைப் போட்டு அடித்தான். நான் பக்கத்தில் போவதற்குள் இன்னாசி வள்ளத்தைக் கொண்டுவந்துவிட்டார். இவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்கிறான். விரலெல்லாம் வெளுத்துவிட்டது. ஏற்றி உட்காரவைத்ததும் வாந்தி எடுத்தான்.

"கீழ ஒண்ணுமே தெரியலவே. குளத்துல அடியில கோடு போட்ருக்கும். அதப் பாத்துக்கிட்டே போயிருவேன். இங்க பச்சையா இருக்கு, அவ்வளவுதான். எங்க போறேன்னே தெரியல."

"மொத நாளு அப்படித்தான் இருக்கும். ரூபிகிட்ட சொல்லாத."

கரைக்கு வந்த பிறகு இன்னாசி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அவருக்கு நீச்சல் தெரியும். தெரியாதுன்னு சொல்லல. ஆனா பயப்படுதாரு. பயந்துட்டா தெரிஞ்ச நீச்சலும் மறந்துரும். இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. முங்குதவன் கத்துவான், கைகால அடிப்பான்னு நெனைக்காதீய. கத்துறதுக்கு மூச்சு வேணும்லா? சத்தமே இல்லாமப் போயிருவான். பக்கத்துல நிக்கவனுக்கே தெரியாது."

குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்னாசி இன்று எனக்கு நஷ்டம் வைத்தார், ஆனால் நியாயமாக வைத்தார். போட்டிக்காரர்களுக்கு நீச்சல் தொப்பி என் கடையின் நீல நிறத்தில், கடைப் பெயரோடு நூற்றைம்பது அடிக்கச் சொல்லியிருந்தேன். கேள்விப்பட்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டார். கடையில் கிடந்த ஒரு நீல டப்பா மூடியை எடுத்துக்கொண்டு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். வள்ளத்தில் கொஞ்ச தூரம் போய் மூடியைத் தண்ணீரில் போட்டார். இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு, "கண்டுபிடிங்க" என்றார்.

கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது மூடி. இதே ஒரு மனுசன் தலன்னா?" என்றார்.

ஆர்டரை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றிவிட்டேன். சொல்கிறவன் யார் என்று நான் பார்ப்பதில்லை, சொல்வது சரியா என்றுதான் பார்ப்பேன். அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

எபனேசரின் மனைவி ரூபி கடைக்கு வந்தது. பெயிண்ட் வாங்க வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, அவரு தூக்கத்துல மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்காரு. நான் உலுக்குனாத்தான் விடுதாரு. என்ன ஏதுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காரு. கடல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பழக்கம் இல்லாததுதான்."

"நீங்க வேண்டாம்னு சொன்னா விட்ருவாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பேனர் ஏழு இடத்தில் கட்டியாகிவிட்டது. இப்போது ஒருவன் பின்வாங்கினால் எதிர் அணிக்காரன் தேர்தல்வரைக்கும் அதையேதான் சொல்லிச் சிரிப்பான். அதையெல்லாம் ரூபியிடம் சொல்ல முடியாது. "நான் அவன் பக்கத்துலயேதான் நீந்தப் போறேன். ஒரு கை தூரம்கூட விலக மாட்டேன். என் பொறுப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது. "சரி அண்ணாச்சி. உங்க வார்த்தைய நம்புதேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஜனவரி 27, செவ்வாய்

நல்ல நாள். எபனேசர் முந்நூறு மீட்டர் நீந்தினான். நான் ஒட்டியே போனேன். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தான்.

அதைவிட முக்கியமானது இன்னாசி சொல்லிக்கொடுத்தது. முடியவில்லை என்றால் மல்லாந்து மிதந்துகொண்டு ஒரு கையை நேராக மேலே தூக்க வேண்டும். அவ்வளவுதான். வள்ளம் வந்துவிடும். எபனேசர் உடனே சோதித்துப் பார்த்தான். கையைத் தூக்கிவிட்டு எண்ணத் தொடங்கினான். இருபது எண்ணுவதற்குள் இன்னாசி பக்கத்தில் நின்றார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை செய்தான். பதினெட்டு.

"இது போதும்வே. கையத் தூக்குனா ஆள் வரும்னா நான் எங்க வேணாலும் நீந்துவேன்."

திரும்பும் வழியில் ஓட்டலில் நிறுத்தி இரண்டு பேரும் ஆளுக்கு நான்கு இட்லி. அவன் முகம் தெளிந்திருந்தது. கேட்காமலே இரண்டு வடையும் சொன்னான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

போட்டியை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று ஒரு மணி நேரம் சண்டை. ஆறு மணிக்கே இறங்கிவிட வேண்டும், எட்டுக்கு மேல் வாடைக்காற்று எழும்பினால் நீவாடு தெற்கே இழுக்கும் என்கிறார் இன்னாசி. நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். கழகச் செயலாளர் காலண்டரைக் காட்டினார். நல்ல நேரம் ஏழரைக்குத்தான் தொடங்குகிறது. சிறப்பு விருந்தினரும் அதற்கு முன்னால் வர மாட்டாராம். ஏழரை என்று முடிவானது. நான் ஏழரை பக்கம்தான் பேசினேன். விருந்தினர் இல்லாமல் கொடியசைத்தால் எந்தப் பத்திரிகையில் வரும்?

பிப்ரவரி 6, வெள்ளி

கடைசிக் கூட்டம். படம் எடுக்கும் வேலையை மணிநகர் ஸ்டூடியோக்காரனிடம் கொடுத்திருக்கிறேன். டிரோன் வைத்திருக்கிறான். கரையிலிருந்து இருநூற்றைம்பது மீட்டரில் முதல் மிதவை. அங்கே நானும் எபனேசரும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், மேலிருந்து எடுப்பான். சுற்றிலும் கடல், நடுவில் இரண்டு பேர். நூறு நோட்டீஸ் செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்துவிடும். கூட்டத்தில் எங்களை அடையாளம் தெரிவதற்காக எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் மஞ்சள் தொப்பி.

ஒரு சிக்கல். நாங்கள் கையைத் தூக்கினால் இன்னாசி வள்ளத்தோடு வந்து நிற்பார், படத்தில் வள்ளம் விழும். அதனால் அவரிடம் சொன்னேன். "மொத மிதவகிட்ட மஞ்சத் தொப்பி கையத் தூக்குனா நீங்க வராதீங்க. அது படத்துக்கு."

அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "கை தூக்குனா வள்ளம் வரணும் அண்ணாச்சி. அதுல ஆளுக்கு ஒரு சட்டம் வச்சா வெனையாப் போகும்."

"ரெண்டே பேரு, ஒரே எடம், ஒரு நிமிசம். மத்த எல்லாருக்கும் நீங்க சொல்லுத மாதிரிதான்."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "நீங்கதான சொல்லுதீய. சரி" என்றார்.

எபனேசரிடமும் சொல்லிவிட்டேன். முதல் மிதவை, கையைத் தூக்கு, சிரி.

"அப்ப நெசமாவே தேவப்பட்டா?"

"அதான் நான் பக்கத்துல இருக்கேம்லா."

பிப்ரவரி 7, சனி

பந்தல், மைக், குடிதண்ணீர், வாழைப்பழம் எல்லாம் வந்தாயிற்று. படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சிறப்பு விருந்தினர் வரும்போது ஏழு ஐம்பத்தைந்து. கொடியசைத்தது எட்டு ஐந்து. தொண்ணூற்றுநான்கு பேர் ஒரே நேரத்தில் இறங்கினோம். யார் கால் யார் மூஞ்சியில் படுகிறது என்றே தெரியவில்லை. எனக்கும் கன்னத்தில் ஒரு உதை. காற்று எழும்பியிருந்தது. கரையிலிருந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனால் ஒவ்வொரு அலைக்கும் மிதவை மறைந்து மறைந்து வந்தது. நேராக நீந்தினாலும் தெற்கே இழுத்துக்கொண்டு போனது.

நூறு மீட்டர்வரை எபனேசர் என் இடப்பக்கம் இருந்தான். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் முன்னே போய்விட்டேன். மேலே டிரோன் வந்துவிட்டது. மிதவையை எட்டியதும் நின்று, திரும்பி, கையைத் தூக்கினேன். பின்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் எபனேசரும் கையைத் தூக்கியிருந்தான். சொன்னபடி செய்கிறான் என்று நினைத்தேன். அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பி நீந்தத் தொடங்கினேன்.

கரையேறி சைக்கிள் வைத்திருந்த இடத்துக்கு வந்தபோது எபனேசரின் சைக்கிள் கம்பியிலேயே தொங்கியது. பின்னால் வருவான் என்று நினைத்து நான் கிளம்பிவிட்டேன். நான்கு கிலோமீட்டர் போயிருப்பேன். எதிரே ஆம்புலன்ஸ். சைக்கிளை ரோட்டோரம் போட்டுவிட்டு ஒருவன் பைக்கில் ஏறித் திரும்பினேன்.

அவனைத் தூக்கியது இன்னாசி. மஞ்சள் தொப்பி கையைத் தூக்கியதைப் பார்த்து, சொன்னபடி இருந்திருக்கிறார். கை இறங்கியது. மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை விரல்கள் மட்டும் தெரிந்ததும் "படமாவது மண்ணாவது" என்று வள்ளத்தைத் திருப்பியிருக்கிறார். அவர் போனபோது தலை தண்ணீருக்குள் இருந்தது. வள்ளத்திலேயே கவிழ்த்து, அமுக்கி, வாயில் ஊதி, கரை வரும்போது லேசாக மூச்சு இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருக்கிறார்கள். நுரையீரலில் உப்புத் தண்ணீர். மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

பிப்ரவரி 9, திங்கள்

கடையைப் பதினொரு மணிக்குத் திறந்தேன். கழகக் கூட்டம். பேப்பரில் 'பாதுகாப்புப் படகு தாமதம்' என்று வந்திருக்கிறது. செயலாளர் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதி வாசித்தார். கையைத் தூக்கி இரண்டு நிமிஷத்துக்கு மேல் படகோட்டி கவனிக்கவில்லை, பொறுப்பை ஏற்றவர் அவரே என்று. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கலர் கலக்கும் மிஷின் பழுது. மெக்கானிக் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். மூன்று பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

இன்னாசியின் வள்ளத்தை விசாரணை முடியும்வரை கடலுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வாளைமீன் படுகிற சமயம். அவர் போலீசில் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "நான் பாத்தேன், போறதுக்குக் கொஞ்சம் பிந்திட்டு" என்று மட்டும் சொன்னாராம். என் பெயரை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. குழாய் இன்னும் இருக்கிறது. ரூபி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது.

"பக்கத்துலதான இருந்தீங்க அண்ணாச்சி?"

"கொஞ்சம் முன்னால."



பிப்ரவரி 11, புதன்

மிஷின் சரியாகிவிட்டது. குழாய் இருக்கிறது. என் வீட்டுக்காரி செல்வக்கனி சாப்பாட்டை வைத்துவிட்டு என்னோடு பேசாமலே உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். மூச்சு தானாக விடுகிறான். பேச்சு வரவில்லை, தொண்டை புண். கண் திறந்து ரூபியைப் பார்த்திருக்கிறான். எனக்குப் போன் வந்தபோது கடையில் ஆள் இருந்தது. 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டுப் பின்னால் கோடவுனுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஆனது திரும்பி வர.

மதியம் போனேன். எபனேசர் தூங்கிக்கொண்டிருந்தான். ரூபி ஜன்னல் பக்கம் நின்றது. "இங்க வாங்க அண்ணாச்சி" என்றது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே, முக்குரோட்டில், ஒரு ஃபிளெக்ஸ். இருபது அடி இருக்கும். நம் அணிப் பையன்கள் எனக்குச் சொல்லாமலே ஸ்டூடியோக்காரனிடம் படத்தை வாங்கி அடித்துக் கட்டியிருக்கிறார்கள். 'கடலுக்கே சவால் விட்ட நம் வேட்பாளர்கள்!' சுற்றிலும் கடல், நடுவில் இரண்டு மஞ்சள் தொப்பி, இரண்டு கை. நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. அதைத்தான் முதலில் நினைத்தேன்.

"நல்லாப் பாருங்க" என்றது ரூபி. "நீங்க டாட்டா காட்டுதீங்க. அவரு கூப்புடுதாரு."

பார்த்தேன். அவன் முகம் மேலே டிரோனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தது. என் முகமும் அவன் பக்கம்தான் இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆள் விடாமல் நானே ஏணியை வைத்து ஃபிளெக்ஸை இறக்கினேன். இன்னும் நான்கு இடத்தில் கட்டியிருந்தார்கள், அதையும். அணிப் பையன் ஒருவன், "அண்ணாச்சி, சூப்பரா பேசுது படம், எதுக்கு எறக்குதீய?" என்றான். சுருட்டி அவன் கையிலேயே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வக்கனியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "படத்த எறக்கிட்டீங்க. இன்னாசியண்ணன் வள்ளம் இன்னும் அங்கனதான கட்டிக் கெடக்கு?" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான்.

போனேன். அவர் வலையில் அறுந்த கண்ணியைக் கோத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"ஏன் என் பேரச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன்." ஊசியை விட்டு இழுத்தார். "நாலு நாளாச்சு."

"நாளைக்குப் போய் எழுதிக் குடுக்கேன்."

"எனக்காக வேண்டாம் அண்ணாச்சி. என் மேலயும் தப்பு இருக்கு. மொதத் தடவ கை எறங்குனப்பவே போயிருக்கணும். முப்பத்தஞ்சு வருசமாக் கடல்ல கெடக்கேன். ஒரு பெயிண்ட் கடக்காரரு சொன்னாருன்னு உக்காந்திருந்தேன்." ஒரு கண்ணி முடித்து அடுத்ததற்குப் போனார். நான் எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 14, சனி

வாக்குமூலம் எழுதினேன். மூன்று தடவை. கடிதம் எழுதுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. பாக்கிக்காரனுக்கும் எழுதுவேன், கம்பெனி எம்.டி.க்கும் எழுதுவேன்.

படகு வர வேண்டாம் என்று சொன்னது நான். தேர்தலுக்காகச் சொன்னேன். தொடக்க நேரத்தைத் தள்ளிப்போட்டதிலும் எனக்குப் பங்கு உண்டு. எபனேசர் கடலில் பயந்தது தெரிந்தும் அவரை வற்புறுத்தினேன். அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறி முன்னே போனேன். எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில், 'அவர் கையைத் தூக்கியது உதவிக்கு என்று அறியாமல், படத்துக்கு என்று எண்ணி நான் சென்றுவிட்டேன்' என்று முடித்தேன்.

தேர்தலில் பெயரை வாபஸ் வாங்கும் தேதி தாண்டிவிட்டது. ஓட்டுச் சீட்டில் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எபனேசரைச் சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன் அவனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ரூபி கோயிலுக்குப் போயிருந்தது. அவன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இளைத்துவிட்டான்.

"வாரும்வே" என்றான். குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது.

தாளைக் கொடுத்தேன். மெதுவாக வாசித்தான். மண்டியில் அரிசி பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக. இரண்டாவது பக்கம் முடிவில் நின்றான். கையை நீட்டினான். பேனா கொடுத்தேன். கடைசி வரியில் 'அறியாமல்' என்ற வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

"இது என்னது?"

"அலைச் சத்தம் எபி. எனக்கு ஒண்ணும்..."

"ரெண்டு தடவ கூப்புட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்ப எனக்கு மூச்சு இருந்துச்சு. தவசின்னு கூப்புடல. தவசிமுத்துன்னு முழுப் பேரையும் சொல்லிக் கூப்புட்டேன். இருபத்திரண்டு வருசத்துல அப்படி நான் உன்னயக் கூப்புட்டதே கெடையாது. நீ திரும்பிப் பாத்த."

சரிந்திருந்த தலையணையை ஏற்றி வைத்தேன்.

"நான் உன்னயத் திட்ட வரல. தெரிஞ்சுக்கிடணும், அவ்வளவுதான். அங்க கெடந்தப்பலேருந்து அதத்தான் யோசிக்கேன். எனக்குத்தான் அப்படித் தோணுச்சா? நெசமா உனக்குக் கேட்டுச்சா, கேக்கலயா?"

நர்ஸ் வந்து கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மருந்து சொட்டுவதைச் சரிபார்த்தாள். அவள் போகும்வரை அவன் என்னைப் பார்த்தபடியே இருந்தான். தனக்கு அவசரம் இல்லை என்பது போல.

பையிலிருந்து வேறு தாள் எடுத்தேன். கட்டில் ஓரத்தில் இருந்த மருந்து மேஜையில் வைத்துக் கடைசிப் பத்தியை மறுபடி எழுதினேன். 'எபனேசர் என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் எனக்குக் கேட்டது. மேலே டிரோன் நின்றது. நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு முன்னே நீந்திப் போனேன்.'

அவனிடம் கொடுத்தேன். வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். நீளமாக, இழுத்து, சிரமப்பட்டு.

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கல" என்றான். தாளை என் பக்கம் திருப்பி வைத்தான். "கையெழுத்துப் போடு."

போட்டேன்.